வரப்பில் சுருண்டு கிடந்தவன்

நெய்வேலி,
20.1.1972

அன்புள்ள தம்பி இராஜாங்கத்துக்கு அக்கா அம்சவல்லி எழுதுவது. நான், உன் அத்தான், குழந்தை மங்களா, என் மாமியார் எல்லாரும் இங்கே சுகம். உன் சுகத்தையும் வேம்பு சுகத்தையும் ஒளிக்காமல் எழுது.

பொங்கல் சீர் வந்தது. கரும்பு வந்தது, மஞ்சள் கொத்து வந்தது, புது அரிசி வந்தது. கொண்டுவர வேண்டிய தம்பி மட்டும் வரவில்லை. பெண்டாட்டி வேம்புவைத் தனியாக பஸ் ஏற்றி அனுப்பியிருக்கிறாய். அவளும் வந்த காலோடு திரும்பிவிட்டாள். என்னடி என்று கேட்டால் வயல்வேலை என்கிறாள்.

தீபாவளிக்கு நீ வந்திருந்தபோது நடந்ததை என் மாமியார் இன்னும் சொல்லிக்காட்டுகிறார். உனக்கென்று ஆட்டுக்கறி எடுத்து ஆக்கிப் போட்டால், இரண்டு வாய் தின்றுவிட்டு இலையை மூடிவிட்டுப் போய்த் தெருவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாயே, அது என்ன பழக்கம்? "உன் தம்பிக்கு நம்ம வீட்டுச் சோறு எறங்கல போலருக்கு" என்கிறார். நான் எந்த முகத்தோடு பதில் சொல்ல?

மங்களாவுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. வைகாசியில் வைத்தீஸ்வரன் கோயிலில் காது குத்தலாம் என்று அத்தான் சொல்கிறார். தாய்மாமன் நீ ஒருத்தன்தான். மடியில் சதை இல்லை என்றால் பிள்ளைக்கு எலும்பு குத்தும், அதற்குள் கொஞ்சம் உடம்பு போடு.

உன் அக்கா,
அம்சவல்லி

மேலநத்தம்,
6.2.1972

அன்பான அக்காவுக்கு,

இங்கு எல்லாரும் சுகம். அங்கும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் மாமியார் சமையலில் ஒரு குறையும் இல்லை, அவரிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். எனக்குத்தான் கொஞ்ச காலமாக உட்கார்ந்தால் நடக்கத் தோன்றுகிறது, நடந்தால் உட்காரத் தோன்றுகிறது. வேறொன்றும் இல்லை.

சம்பா அறுப்பு முடிந்தது. கண்டுமுதல் மோசமில்லை. ஆனால் மனம் அதில் இல்லை அக்கா. குத்தகைக்காரர் பெயரையெல்லாம் சர்க்கார் பதிவேட்டில் ஏற்றுகிறார்கள். அப்பா இருபத்தைந்து வருஷம் உழுத ஒன்பது மா நிலத்துக்கு நம்மிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. இப்போது பெயர் ஏறிவிட்டால் யாரும் நம்மை வயலை விட்டு எழுப்ப முடியாது. ஏறாவிட்டால் அடுத்த சாகுபடி நமக்கில்லை. சொந்த உழைப்பால் சாகுபடி செய்கிறவனுக்குத்தான் பதிவு என்று சட்டமாம். அதனால் மிராசுதாரின் காரியஸ்தர் வைத்தியலிங்கம் நோட்டும் கையுமாக வரப்பில் நடக்கிறார். யார் வயலில் இறங்கினான், யார் இறங்கவில்லை என்று குறித்துக்கொள்கிறார். தெற்குத் தெரு ஐயா காலில் ஆணி குத்தி ஒரு மாதம் படுத்திருந்தார். அதைக் குறித்து, இவர் சாகுபடி செய்யவில்லை என்று மனுப் போட்டிருக்கிறார்கள்.

இன்னொன்று. நம் ஊர் தபால் ஆபீஸ் இப்போது காரியஸ்தர் வீட்டுத் தாழ்வாரத்துக்கு வந்துவிட்டது. நீ கார்டு எழுதினால் எனக்கு முன்னால் ஊர் படிக்கும். ஒட்டின கவரும் சில நாள் ஈரமாகத்தான் வருகிறது. பார்த்து எழுது.

மங்களாவுக்குத் தோடு நான்தான் வாங்குவேன். பத்தரிடம் சொல்லிவிட்டேன்.

தம்பி,
இராஜாங்கம்

நெய்வேலி,
28.3.1972

தம்பிக்கு,

இங்கு சுகத்துக்குக் குறைவில்லை. மனசுக்குத்தான் சுகமில்லை.

பெரியப்பா மகன் கோவிந்தராசு வேலை தேடி இங்கே வந்திருந்தான். சாப்பிட உட்கார்ந்தவனிடம் உன்னைப் பற்றிக் கேட்டேன். சோற்றைப் பிசைந்தபடியே சொன்னான். பட்டப்பகலில், சாராயக்கடைக்குப் பின்னால் வாய்க்கால் வரப்பில் நீ சுருண்டு கிடந்தாயாம். முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, வாயில் எச்சில் ஒழுக, சட்டையெல்லாம் நாற்றமாம். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை பார்த்திருக்கிறான்.

எனக்கு உயிரே இல்லை. போன வருஷம் மதுவிலக்கை எடுத்துச் சாராயக்கடைகளைத் திறந்தபோது ஊரில் எந்தெந்தக் குடும்பம் கெடப்போகிறதோ என்று பேசிக்கொண்டோம். அது என் குடும்பம் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. அப்பா கடைசிவரை வெற்றிலை தவிர வேறொன்று வாயில் வைத்தாரா? தீபாவளிக்கு நீ சாப்பிடாததும், தெருவில் நடந்ததும், இப்போதுதான் எனக்கு விளங்குகிறது.

கோவிந்தராசு பொய் சொல்கிறான் என்று ஒரு வரி எழுது. ஒரே வரி. நான் நம்பிக்கொள்கிறேன்.

அம்சவல்லி

மேலநத்தம்,
15.4.1972

அக்காவுக்கு,

எல்லாரும் சுகம்.

கோவிந்தராசு பார்த்ததைத்தான் சொல்லியிருக்கிறான். அவன்மேல் கோபமில்லை.

கோடை உழவு ஒரு சால் ஓட்டியாயிற்று. வாய்க்கால் தூர் வாருகிறார்கள். பதிவு அதிகாரி ஆனியில் வருவார் என்கிறார்கள், ஐப்பசி என்றும் சொல்கிறார்கள். அதுவரைக்கும் பொறு அக்கா. தோடு தயாராகிவிட்டது. சிவப்புக் கல் வைத்தது.

இராஜாங்கம்

நெய்வேலி,
5.5.1972

இராஜாங்கத்துக்கு,

எல்லாரும் இருக்கிறோம்.

ஒரு வரி கேட்டேன், அதுகூட உன்னால் எழுத முடியவில்லை. வைகாசி பதினாறு, வைத்தீஸ்வரன் கோயில். கோவிந்தராசு மடியில் வைத்துக் குத்துவதாக முடிவு செய்துவிட்டோம். முறையில் அவனும் மாமன்தான். ஒரு குடிகாரன் மடியில் என் பிள்ளையை உட்காரவைத்து நாலு பேர் மூக்கைப் பிடிக்க நான் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன். நீ வர வேண்டாம். வேம்பு வந்தால் வரட்டும், அவள் என்ன பாவம் செய்தாள்.

இதை எழுத எனக்கு நாலு நாள் ஆனது. அதையும் தெரிந்துகொள்.

அம்சவல்லி

மன்னார்குடி,
16.6.1972

மரியாதைக்குரிய அண்ணிக்கு வேம்பு வணங்கி எழுதுவது. அங்கே பெரியவர்களும் மங்களாக்குட்டியும் நல்லபடி இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

காது குத்தின அன்று உங்களிடம் சரியாகப் பேச முடியவில்லை. தோட்டை உங்கள் கையில் கொடுத்தபோது நீங்கள் பத்தரிடம் நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். ஆனாலும் அதைத்தானே போட்டீர்கள். உங்கள் தம்பியிடம் அதைச் சொன்னேன். "சேப்புக் கல்லு எடுப்பா இருந்துச்சா?" என்று இரண்டு தடவை கேட்டாங்க.

இந்தக் கடிதத்தை என் சித்தி வீட்டிலிருந்து எழுதுகிறேன். உங்களிடம் ஒரு உதவி. என் சித்தி மகன் முருகையனுக்கு வயிற்றில் ஒரு நோவு. சாப்பிட்டால் வருகிறது. தொப்புளுக்கு மேலே ஆரம்பித்து முதுகுவரைக்கும் துளைக்கிறது. மல்லாந்து படுக்க முடியாது. முழங்காலை வயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டு குனிந்து கிடந்தால்தான் கொஞ்சம் அடங்கும். எண்ணெய்ப் பண்டமும் கறியும் சேரவில்லை. வெளிக்குப் போனால் தண்ணீரில் எண்ணெய் மாதிரி மிதக்கிறது. உடம்பு பாதியாகிவிட்டது. இப்போது ஓயாமல் தாகம் வேறு. உங்கள் பக்கத்து வீட்டில் நர்ஸ் அக்கா இருக்கிறார்களே, அவர்களிடம் கேட்டு எழுத வேண்டும். பதிலை ஊருக்கு எழுத வேண்டாம், இந்தச் சித்தி வீட்டு விலாசத்துக்கே எழுதுங்கள்.

வேம்பு

நெய்வேலி,
8.7.1972

வேம்புவுக்கு ஆசீர்வாதம். இங்கு எல்லாரும் சௌக்கியம்.

நர்ஸ் ரெத்தினத்திடம் உன் கடிதத்தையே படித்துக் காட்டினேன். தண்ணீரில் மிதக்கிறது என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்று ஒன்று இருக்கிறதாம். அதில் புண்ணாகிக் கல் விழுந்திருக்கலாம் என்கிறாள். அது கெட்டால் தின்கிற கொழுப்பு செரிக்காதாம், சர்க்கரை வியாதியும் வருமாம், அதனால்தான் தாகம். குடிப்பவர்களுக்கு வருவது நிறைய, ஆனால் குடியே தெரியாத சின்ன வயசுக்காரர்களுக்கும் நம் பக்கம் வருகிறதாம், ஏன் என்று டாக்டர்களுக்கே பிடிபடவில்லையாம். முருகையனைத் தாமதிக்காமல் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் எக்ஸ்ரே எடுக்கச் சொல்.

உன் தம்பி கொடுத்துவைத்தவன். நோய் என்று சொல்ல வாய் இருக்கிறது, கேட்டு எழுத நீ இருக்கிறாய். என் தம்பிக்கு இப்படி ஒன்று வந்திருந்தால் நான் தோளில் தூக்கிக்கொண்டு போயிருப்பேன். அவனாகத் தேடிக்கொண்டதற்கு நான் என்ன செய்ய?

அம்சவல்லி

தஞ்சாவூர்,
24.9.1972

அண்ணிக்கு வேம்பு எழுதுவது. நீங்கள் எல்லாரும் நல்லபடி இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நாங்கள் அப்படி இல்லை. அவங்களிடம் கொடுத்த வாக்கை மீறி இதை எழுதுகிறேன், கோபித்தால் கோபிக்கட்டும்.

முருகையனுக்கு ஒன்றும் இல்லை அண்ணி. அவன் நன்றாக இருக்கிறான். நான் கேட்டது உங்கள் தம்பிக்கு.

குறுவை அறுப்பில் அரிவாளோடு விழுந்துவிட்டாங்க. இரண்டு நாள் ஒரு வாய்த் தண்ணீர் நிற்கவில்லை. வண்டி கட்டித் தஞ்சாவூருக்குக் கொண்டுவந்தோம். எக்ஸ்ரேயில் கணையம் முழுக்கக் கல். அரிசியில் கல் கிடப்பதுபோல் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது, எனக்கும் காட்டினார்கள். சர்க்கரையும் வந்துவிட்டது. இந்த வலி மூன்று வருஷமாக இருக்கிறது.

குடியைப் பற்றிச் சொல்கிறேன். போன கார்த்திகையில் முதல் தடவை வரப்பில் சுருண்டு விழுந்தபோது காரியஸ்தர் நோட்டோடு வந்தார். பக்கத்து வயல் மருதையன் அண்ணன் எதார்த்தமாக, "கடைக்குப் போய்ட்டு வந்திருப்பான்" என்றார். காரியஸ்தர் சிரித்துவிட்டு, ஒன்றும் எழுதாமல் போய்விட்டார். குடிகாரன் தெளிந்ததும் வயலில் இறங்குவான், நோயாளி இறங்கமாட்டான், அவர் கணக்கு அப்படி. அன்றிலிருந்து உங்கள் தம்பி மடியில் ஒரு சின்னப் புட்டி வைத்துக்கொண்டாங்க. வலி வருகிறது என்று தெரிந்தால் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, மீதியைச் சட்டையில் தெளித்துக்கொண்டு, கடைக்குப் பின்னால் போய்க் கிடப்பாங்க. ஒரு சொட்டு உள்ளே போனதில்லை. நான் சத்தியம் செய்கிறேன். இங்கே டாக்டர்களும் பத்துத் தடவை "எவ்வளவு குடிப்ப?" என்றுதான் கேட்டார்கள், இல்லை என்றதை யாரும் நம்பவில்லை.

நீங்கள் ஒரு வரி கேட்டு எழுதின அன்று பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, எழுந்து, கொல்லையில் நடந்து, மறுபடி உட்கார்ந்தாங்க. அந்தக் கவர் காரியஸ்தர் வீட்டைத் தாண்டித்தானே போக வேண்டும்? காதுகுத்து அன்று காலையில் புது வேட்டி கட்டிக்கொண்டு, வேலையே இல்லாத வயலில் மாலைவரை நின்றாங்க.

அடுத்த மாதம் பதிவு அதிகாரி வருகிறார். எழுந்து நிற்கவே முடியாத மனுஷன் எப்படி உழைப்பைக் காட்டுவது? எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பதிலை ஆஸ்பத்திரி வார்டுக்கு எழுதுங்கள்.

வேம்பு

நெய்வேலி,
29.9.1972

என் இராஜாங்கத்துக்கு,

எங்கள் சுகத்தை விடு.

நீ சொல்லியிருக்கலாம் என்று எழுத ஆரம்பித்துக் கிழித்துப்போட்டேன். நீ சொல்லவில்லை, சரி. நான் ஏன் நம்பினேன்? உன்னைத் தூக்கி வளர்த்தவள் நான். எவனோ வந்து சொன்னதும் இருபத்தெட்டு வருஷத்தை ஒரு சாப்பாட்டு நேரத்தில் கைகழுவிவிட்டேன். வேம்புவின் சித்தி மகனுக்கு வந்த நோய் என்று உட்கார்ந்து விசாரித்து எழுதினேன், அது உனக்கு என்று தோன்றவே இல்லை. வெட்கமாக இருக்கிறது தம்பி. அழுகிறேன், வேறென்ன.

அது கிடக்கட்டும். இதைக் கவனமாகப் படி. அத்தான் கடலூரில் ஒரு வக்கீலிடம் போய் அந்தச் சட்டத்தையே கேட்டுவந்தார். சொந்த உழைப்பு என்றால் உன் உடம்பு மட்டும் இல்லை. "தானோ, தன் குடும்பத்தில் ஒருவரோ உடலால் உழைத்துச் சாகுபடி செய்தால் போதும்" என்று எழுதியிருக்கிறதாம். வேம்பு குடும்பம் இல்லாமல் யார்? மூன்று வருஷமாக நாற்றுப் பறிப்பதும், நடுவதும், களை எடுப்பதும், மடை திருப்புவதும் அவள்தானே? எந்த மகராசன் சட்டத்தில் பாதியை மட்டும் ஊரில் சொல்லிவிட்டுப் போனானோ. நீ அந்தப் புட்டியைத் தூக்கியிருக்கவே வேண்டாமடா.

அதிகாரி வருகிற நாளில் நிமிர்ந்து நின்று உள்ளதைச் சொல். நிற்க முடியாது என்றால் உட்கார்ந்து சொல்.

அக்கா

மேலநத்தம்,
19.11.1972

அன்பான அக்காவுக்கு,

நான் சுகமாக இல்லை. இத்தனை நாள் எல்லாக் கடிதத்திலும் சுகம் என்று எழுதினேன், இனி எழுத மாட்டேன். காரியஸ்தர் பிரித்துப் படித்தால் படிக்கட்டும்.

போன மாதம் வருவதாக இருந்த அதிகாரி இந்த வெள்ளிக்கிழமைதான் வந்தார். நம் வயலில் வந்து நின்றதும் காரியஸ்தர் முந்திக்கொண்டார். "சார், இவன் சாராயக்கடையிலதான் கெடப்பான். வயல்ல இவன் எறங்கி யாரு பாத்தா?" என்றார். எந்தப் பொய்யை நான் பாதுகாப்பு என்று வைத்திருந்தேனோ அதையே எடுத்து வீசினார். கூட்டத்தில் நாலு பேர் தலையாட்டினார்கள். அவர்கள்மேல் தப்பில்லை, அத்தனை பேரும் வரப்பில் கிடந்த என்னைத் தாண்டிப் போனவர்கள்தான்.

நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தபடியே சொன்னேன்: "நான் குடிக்கிறவன் இல்லீங்க. நோயாளி. இந்த வயல்ல பாடுபடுறது என் பொண்டாட்டிங்க." மூன்று வருஷமாகத் தொண்டையில் இருந்தது, அரை நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டது.

அதிகாரி வேம்புவைக் கூப்பிட்டார். எந்த மடையில் தண்ணீர் வைக்கிறாய், நாற்று எத்தனை நாளில் பறித்தாய், போன போகம் வயலின் எந்த மூலையில் பூச்சி விழுந்தது என்று கேட்டார். அவள் சேற்றுக் காலோடு நின்று ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். ஒரு கேள்விக்குக் காரியஸ்தரைப் பார்த்து, "இது அவருக்கும் தெரியுமுங்க, நான் தண்ணி கட்டினப்ப நோட்டோட நின்னாரே" என்றாள். மருதையனும் சாட்சி சொன்னார். பதிவு ஆகிவிட்டது அக்கா. என் பெயரோடு வேம்பு பெயரையும் எழுதச் சொன்னேன். அதற்குத் தனி மனு வேண்டுமாம், கொடுத்திருக்கிறோம்.

உடம்பைப் பற்றிக் கேட்பாய். கல் கரையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மெட்ராஸில் ஆபரேஷன் செய்யலாம், வலி குறையலாம், குறையாமலும் போகலாம். யோசிக்கிறோம். காலையில் வேம்பு ஊசியை வெந்நீரில் கொதிக்கவைத்துச் சர்க்கரைக்கு மருந்து போடுகிறாள். சர்க்கரை இறங்குகிறதா என்று கண்ணாடிக் குழாயில் நீல மருந்தோடு சிறுநீரைக் காய்ச்சிப் பார்க்க வேண்டும். நீலமாகவே நின்றால் அன்று நல்ல நாள், செங்கல் நிறம் வந்தால் திட்டு விழும். ஒரு நாளுக்கு ஆறு வேளை, பூனை தின்கிற அளவு. எண்ணெய் கிடையாது. வலி வாரத்துக்கு இரண்டு தடவை வருகிறது, முன்பு தினமும் வந்தது. கல்யாண வீட்டுக்குப் போனால் இலை முன்னால் உட்கார பயம். வேலையில்லாமல் இருப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம், கைகால் அரிக்கிறது. விதை பொறுக்குவது, கயிறு திரிப்பது என்று ஏதோ செய்கிறேன். ஊரில் இன்னும் பாதிப் பேருக்கு நான் குடிகாரன்தான். அந்தப் பெயர் என்னோடுதான் போகும் போலிருக்கிறது.

இராஜாங்கம்

நெய்வேலி,
12.1.1973

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை மாமியாருக்கு உரக்கப் படித்தேன். "சுகமில்லைன்னு எழுதுனானே, அதுவே போதும்" என்றார். இனி உனக்கு எண்ணெய் இல்லாமல் தனிக் குழம்பு வைப்பது அவர் பொறுப்பாம்.

மங்களாவுக்கு இடது காதில் சீழ் வைத்துத் தோட்டைக் கழற்றினோம். ரெண்டு மாதத்தில் துளை தூர்ந்துவிட்டது. வலது காது நன்றாக இருக்கிறது. ஒற்றைக் காதோடு திரிகிறாள். தை இருபத்தெட்டு, அதே கோயில். கோவிந்தராசுவிடம் நானே சொல்லிவிட்டேன். இந்தத் தடவை மடி உன்னுடையது. வலி வந்தால் வரட்டும், கூட்டத்துக்கு நடுவில் நிறுத்திக்கொள்ளலாம், யார் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். வா.

அக்கா

மேலநத்தம்,
16.2.1973

அன்பான அக்காவுக்கு,

வந்து சேர்ந்தோம். பஸ்ஸில் வேம்புவுக்குத்தான் தலைசுற்றல், எனக்கு ஒன்றுமில்லை. இன்று நீலம். உங்கள் எல்லாருடைய சுகத்தையும் எழுது.

அன்று உன்னிடம் சொல்லாததை இப்போது சொல்கிறேன், ஒளிக்கக்கூடாது என்று நீதானே சொன்னாய். குளக்கரையில் இறங்கும்போதே வலி ஆரம்பித்துவிட்டது. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் நீ பிள்ளையைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டாய். பத்தர் ஊசியை எடுத்ததும் அவள் பயந்து என் வயிற்றுக்குள் புதைவதுபோல் முதுகை அழுத்தினாள். நான் அவளை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு குனிந்துவிட்டேன். வரப்பில் முழங்காலைக் கட்டிக்கொண்டு கிடப்பேனே, அதே மாதிரி. அவள் சூடு வயிற்றில் பட்டது. வலி மெள்ள இறங்கியது. அவள் அழுதாள், நான் இன்னும் குனிந்தேன்.

"பாருங்க, மாமன் எப்படித் தேத்துறாரு" என்று உன் மாமியார் சொன்னது என் காதில் விழுந்தது. தோடு போட்டு முடித்து, அவள் அழுகையும் நின்று, கைகொட்டிச் சிரிக்கவும் ஆரம்பித்துவிட்டாள். "போதும் தம்பி, கால் மரத்துடும், குடு" என்று நீ கை நீட்டினாய். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்றேன்.

அது அவளுக்காகச் சொன்னதில்லை அக்கா.

உன் தம்பி,
இராஜாங்கம்